வெள்ளையடிக்கும் முன்



 வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு நோயைப் பற்றி எழுதுவோம். இம்முறை ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறோம். காரணத்தை வாசிக்கும்போது அறிந்துகொள்வீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலையடிவாரத்துக் கிராமங்களான கான்சாபுரம், கூமாப்பட்டி, வத்திராயிருப்பு பக்கமிருந்து இளைப்போடு பிள்ளைகள் வருவது எங்களுக்குப் புதிதல்ல. மேற்கே மலை, மழை வந்தால் நாட்கணக்கில் வெயில் எட்டிப் பார்க்காது. அப்படி ஒரு மழைக்காலத்தில் கான்சாபுரத்திலிருந்து ஐந்து வயதுப் பையன் ஒருவனை அவன் பாட்டி தூக்கி வந்தார். மருந்துப் புகை கொடுத்ததும் நெஞ்சு இளகியது. இரண்டு நாளில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். பத்து நாள் கழித்து அதே இளைப்போடு திரும்ப வந்தான். தேறிப் போனவன் மூன்றாம் முறையும் வந்தபோது வார்டு சிஸ்டர் வேறொரு கேள்வி கேட்டார்.

“பாட்டி, பிள்ளை வீட்டுல எங்க படுக்கிறான்?”

“சுவரோரமாத்தாம்மா. அங்கதான் காத்து அடிக்காது, குளிரு தெரியாது.”

“அந்தச் சுவரு எப்படி இருக்கு?”

“கறுப்பாப் பூத்துக் கெடக்கு. போன கிறிஸ்மசுக்குத்தான் வெள்ளையடிச்சோம். மறுபடி பூத்துருச்சு.”

அடுத்த வாரம் எங்கள் கிராம சுகாதார ஊழியர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். காங்கிரீட் வீடு, ஒரே அறை. பின்சுவருக்கு வெளியே குளிக்கும் இடம். உள்ளே தரையிலிருந்து இடுப்பளவுக்குச் சுவர் நனைந்து, பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்திருந்தது. அதை ஒட்டி இரும்புப் பெட்டி, அதன் மேல் அரிசி மூட்டை. ஜன்னலைக் கொசுவுக்காகச் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் கறுப்புப் படலம். அதன் அடியில்தான் பையனின் பாய்.

மருந்து நெஞ்சைத் திறக்கும். உங்கள் காணிக்கைகளால் அந்த மருந்து எங்களிடம் எப்போதும் இருக்கிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் மூன்று முறையும் அந்தப் பிள்ளையை அதே சுவருக்குத்தான் நாங்கள் திருப்பி அனுப்பினோம் என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது?

பூஞ்சை ஒரு நுண்ணுயிர். ஊறுகாய் ஜாடியின் மேலும், பழைய ரொட்டியிலும், நனைந்த தோல் செருப்பிலும் பூப்பது அதுவே. அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாக எங்கும் காற்றில் மிதந்துகொண்டிருக்கின்றன. எந்த வீட்டிலிருந்தும் அவற்றை முழுவதும் விரட்ட முடியாது. விரட்டவும் வேண்டியதில்லை. உலர்ந்த சுவரில் அவை விழுந்தால் ஒன்றும் நடப்பதில்லை. ஈரச் சுவரில் விழுந்தால் முளைக்கின்றன. சுவரில் படிந்த தூசு, பெயிண்டில் உள்ள பசை, ஒட்டிய காலண்டர் தாள், மர அலமாரி ஆகியவையே அவற்றுக்கு உணவு. நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாட்களுக்குள், அதாவது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை.

ஆகவே வித்து எங்கும் இருப்பது. உணவும் எங்கும் இருப்பது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். பூஞ்சையைப் பற்றி இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்தாலே போதும்.

எல்லாக் கறையும் பூஞ்சையாகாது. சுவரில் வெள்ளையாக, பொடிப்பொடியாகப் பூப்பது பெரும்பாலும் உப்பு. செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்து நிற்கிறது. சிறிது சுரண்டித் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாகப் படர்ந்து மக்கல் வாடை அடித்தால் அது பூஞ்சை. ஆனால் இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றே: சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது.

மூச்சுக்கு என்ன செய்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வீட்டுக்குள் ஈரமும் பூஞ்சையும் பற்றித் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு இருமல், இளைப்பு, மூச்சுக்குழல் தொற்று, ஆஸ்துமா ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று அது கூறுகிறது. எல்லாருக்கும் இப்படி நேர்வதில்லை. ஒரே வீட்டில் நான்கு பேர் சுகமாயிருக்க, ஆஸ்துமா உள்ள ஒரு பிள்ளை மட்டும் திணறும். கைக்குழந்தைகளும், முதியவர்களும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும், புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டோ உட்கொள்ளுகிறவர்களும் கூடுதல் எச்சரிக்கையாயிருக்க வேண்டும்.

காசநோய் கண்டு குணமானவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்நோய் நுரையீரலில் குழி விட்டுச் செல்வதுண்டு. அக்குழிக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை பந்துபோல் திரண்டு வளரக்கூடும். மறுபடி இருமலும் சளியில் ரத்தமும் கண்டால், “டி.பி. திரும்பிவிட்டது” என்று தாங்களே முடிவு கட்டி, மீதமிருந்த பழைய மாத்திரையை விழுங்கக் கூடாது. சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். தாமதிக்காமல் மருத்துவரிடம் வாருங்கள்.

இன்னொரு பயத்தையும் நீக்க வேண்டும். 2021-இல் கொரோனாவோடு சேர்ந்து வந்த ‘கருப்புப் பூஞ்சை’ நோயை நாம் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சுவரில் கறுப்பு கண்டாலே சிலர் நடுங்குகிறார்கள். அந்நோய்க்குக் காரணம் மண்ணிலும் மட்கிய குப்பையிலும் வாழும் மியூக்கர் வகைப் பூஞ்சை. சர்க்கரை மிகுந்து, ஸ்டீராய்டும் உட்கொண்டவர்களையே அது அதிகம் தாக்கிற்று. வீட்டுச் சுவரில் படரும் கறுப்பு பெரும்பாலும் வேறு இனம். நிறத்தைக் கொண்டு ஆபத்தை அளக்கவும் முடியாது. கறுப்போ பச்சையோ, செய்ய வேண்டியது ஒன்றே: துடைத்தெடுத்து, ஈரத்தை நிறுத்துவது.

நம் பகுதியில் இளைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. விறகடுப்புப் புகை, பீடிப் புகை, இராஜபாளையம் மில்களிலும் சத்திரப்பட்டித் தறிகளிலும் பறக்கும் பஞ்சுத் தூசு எல்லாம் உண்டு. சுவர் மட்டுமே குற்றவாளி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் புகையைப் பற்றிக் கேட்கும் நாங்கள் சுவரைப் பற்றிக் கேட்பதில்லை. அதுதான் குறை.

வேதத்தில் ஒரு சுவர்

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடுவோம். அங்கே வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிகுழியாகத் தோன்றும் தோஷத்தைப் பற்றி மோசேக்குக் கட்டளை கொடுக்கப்படுகிறது. அது இன்று நாம் காணும் பூஞ்சைதானா என்பதை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். அங்கே சொல்லப்பட்ட வேலையின் வரிசையைக் கவனியுங்கள்.

முதலில் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. ஆசாரியன் பார்க்க வருமுன் வீட்டுச் சாமான்களை வெளியேற்ற வேண்டும். அவன் பார்த்தபின் வீட்டை ஏழு நாள் அடைத்து வைத்து, மறுபடி வந்து, படர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படர்ந்திருந்தால் கெட்ட கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுற்றிலும் செதுக்கி, அந்த மண்ணை ஊருக்குப் புறம்பே கொட்ட வேண்டும். அதன் பிறகே புதுக் கல்லும் புதுச் சாந்தும். அந்த வீட்டில் படுத்தவனும் சாப்பிட்டவனும் தன் உடையைத் துவைக்க வேண்டும்.

பூச்சு கடைசியில் வருகிறது. நாமோ பூச்சிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

இது ஏழை நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் மரித்தது. வாடகைக் குடியிருப்பு; சுவரெல்லாம் பூஞ்சை. தகப்பன் முறையிட்டபோது, மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்த வீட்டில் நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதன் பயனாக 2023-இல் நிறைவேறிய சட்டத்தில், இத்தகைய குடியிருப்புகளின் உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் ஈரத்தையும் பூஞ்சையையும் ஆராய்ந்து சரிசெய்ய வேண்டும் என்று இடம் செய்யப்பட்டது. அந்த விதிகள் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. அதை அவாபின் சட்டம் என்றே அழைக்கிறார்கள். பெயிண்ட் அடித்து மறைத்த சுவரின் கதை அது.

தண்ணீர் வரும் நான்கு வழிகள்

நம் கிராமங்களில் கூரைக் குடிசைகள் குறைந்து காங்கிரீட் வீடுகள் பெருகியிருக்கின்றன. 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டம், பிறகு பிரதமரின் வீட்டுத் திட்டம், 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் ஆகியவற்றால் பாம்புக்கும் தீக்கும் பயமில்லாமல் ஏழைகள் படுக்க முடிகிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஓலைக் கூரை எல்லாப் பக்கமும் மூச்சு விடும். ஒழுகினால் அன்றே தெரியும். காங்கிரீட் தளம் தண்ணீரைச் சத்தமில்லாமல் உள்வாங்கி, மாதக்கணக்கில் வைத்திருக்கும். இந்த வீட்டுக்கு வேறு பராமரிப்பு வேண்டும்.

1. மேலிருந்து: கறை கூரைக்கு அருகில் இருந்தால் மாடிக்கு ஏறிப் பாருங்கள். மழை நின்ற மறுநாளும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேருமிடத்தில் விரிசல் உண்டா, தண்ணீர் போகும் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பல வீடுகளில் ஒரு கைப்பிடி வேப்பிலைதான் குற்றவாளி. தட்டோடு பதித்திருந்தால் ஓடுகளுக்கு இடையே சாந்து பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. கீழிருந்து: தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு நீளமாக நனைந்திருந்தால் அது ஓதம். மண்ணில் உள்ள நீரைச் செங்கல், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுக்கிறது. அஸ்திவாரத்தின் மேல், தரை மட்டத்தில் ஈரம் தடுக்கும் ஓர் அடுக்கு போட வேண்டும்; கொத்தனார்கள் அதை டி.பி.சி. என்பார்கள். வீடு கட்டுகிறவர்கள் அதை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிப் போவதாலும் ஓதம் ஏறும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்தபின்பே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் வேலை நடக்கும்போது இதைப் பணிவோடு நினைவூட்டுங்கள்.

3. பக்கத்திலிருந்து: கறை ஒரு திட்டாக, நடுச்சுவரில் இருந்தால் மறுபக்கம் போய்ப் பாருங்கள். குளிக்கும் இடமோ, கசியும் குழாயோ, சுவரில் சாய்த்த மண்குவியலோ, சுவரோரம் கொட்டும் மாடித் தண்ணீரோ இருக்கும்.

4. உள்ளிருந்து: மூடிய அறையில் சோறு வடிக்கும் ஆவி, வெந்நீர் ஆவி, கொடியில் காயும் ஈரத்துணி, ஐந்து பேரின் மூச்சு எல்லாம் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். பீரோவுக்குப் பின்னும் அறை மூலையிலும் இது முதலில் தெரியும்.

உள் ஈரமா, சுவர் ஈரமா என்று சந்தேகமானால் ஒரு சோதனை உண்டு. கறையை அடுத்த இடத்தில் சுவரை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் நீர் முத்து இருந்தால் அறையின் ஆவி. உட்புறம் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. செலவு ஒன்றுமில்லை; கொத்தனாரை அழைக்குமுன் இதைச் செய்யுங்கள்.

துடைக்கும் முறை

ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு துடைக்க வேண்டும். கறை மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் வீட்டாரே செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலோ, காரை பொதபொதவென்று இருந்தாலோ கொத்தனார் வந்து காரையைக் கொத்தி எடுப்பதே சரி.

பிள்ளைகளையும் இளைப்பு உள்ளவர்களையும் அன்று வேறு வீட்டில் இருக்கச் செய்யுங்கள். ஜன்னல், கதவைத் திறந்து வையுங்கள். முகக்கவசமும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். காய்ந்த பூஞ்சையை விளக்குமாற்றால் தட்டவே கூடாது. கோடிக்கணக்கான வித்துக்கள் அறையெங்கும் பறக்கும். முதலில் நனைத்து, சோப்புத் தூள் கரைத்த நீரால் பிரஷ் கொண்டு தேய்த்து, பழந்துணியால் துடைத்தெடுங்கள். அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செத்த பூஞ்சையும் இளைப்பைத் தூண்டும். எனவே மருந்து தெளித்துக் கொன்றால் மட்டும் போதாது, துடைத்து எடுக்கவே வேண்டும்.

கறை நீங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பூசி, சிறிது நேரம் கழித்துத் துடைக்கலாம். ஒரு முக்கியமான எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரைக் கழிப்பறை ஆசிட்டோடும், அம்மோனியா உள்ள திரவத்தோடும், வேறெந்த மருந்தோடும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும். சுவரைச் சுத்தம் செய்யப் போய் மருத்துவமனைக்கு வர வேண்டாம்.

பூஞ்சை பிடித்த பாயை வெந்நீரில் கழுவி வெயிலில் காயப்போடலாம். இரண்டு நாளுக்கு மேல் நனைந்து கிடந்த பஞ்சு மெத்தையையும் தலையணையையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் முதல் இரண்டு நாளில் செய்யும் வேலைதான் அடுத்த ஆறு மாதத்தைத் தீர்மானிக்கிறது. சேற்றை வாரி, சாமான்களை வெளியேற்றி, எல்லாக் கதவையும் திறந்து வைப்பதே அந்த வேலை.

பிறகு பழக்கத்தில் சில மாற்றங்கள் போதும். பீரோவையும் பெட்டியையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். அரிசி மூட்டையைப் பலகை மேல் ஏற்றுங்கள். ஜன்னலில் சாக்குக்குப் பதில் கொசுவலை அடியுங்கள். மழை விட்ட நேரமெல்லாம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளைகளை ஈரச் சுவரோரம் படுக்க வைக்காதீர்கள்.

எப்போது வெள்ளையடிப்பது?

இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாயிருக்கும். நம் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் இரண்டாம் வாரம் வெள்ளையடிப்பது வழக்கம். நம் பகுதியிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டிலேயே சுவர் மிகவும் நனைந்திருக்கும் வாரத்தில் அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் பூசி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடைத்துவிடுகிறோம். கிறிஸ்துமஸ் அன்று வீடு பளிச்சென்று இருக்கும். தை பிறக்கும்போது பெயிண்ட் கொப்பளிக்கும். மாசியில் கறுப்புத் திரும்பிவிடும். வெளியே அலங்காரமாயிருக்கும் வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னது மனிதரின் இருதயத்தைக் குறித்தே; என்றாலும் சுவருக்கும் அது பொருந்தும்.

வெயில் காய்ந்த சித்திரை, வைகாசியில் ஒழுக்கைச் சரிசெய்து, காரை உலர்ந்த பிறகு வெள்ளையடிப்பதே நல்லது. நீற்றிய சுண்ணாம்பு இன்றும் நல்ல மருந்து. அதன் காரத்தில் பூஞ்சை எளிதில் முளைக்காது, சுவரும் அதன் வழியே மூச்சு விடும், விலையும் குறைவு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் உடனே ஏராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மருத்துவரிடம் விரைந்து வாருங்கள்.

அந்தக் கான்சாபுரத்து வீட்டுக்குத் திரும்புவோம். குளிக்கும் இடம் சுவரிலிருந்து தள்ளிப் போயிற்று. தண்ணீர் ஓட ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார்கள். சபையின் வாலிபர்கள் இருவர் வந்து, நனைந்த காரையைக் கொத்தியெடுத்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்தச் சுவர் பூச்சில்லாமல், செங்கல் தெரிய நின்றது. “விருந்தாளி வந்தா என்ன நினைப்பாக?” என்று பாட்டி சங்கடப்பட்டார். கோடையில் காரை பூசிச் சுண்ணாம்பு அடித்தார்கள். பையன் இன்னும் இன்ஹேலர் எடுத்துக்கொள்ளுகிறான். ஆஸ்துமா ஒரு சுவரோடு போய்விடுவதில்லை. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் அவனை வார்டில் நாங்கள் பார்க்கவில்லை. மாதாந்தரப் பரிசோதனைக்குத்தான் வந்தான்.

இப்போதெல்லாம் இளைப்போடு வரும் ஒவ்வொரு பிள்ளையின் தாயிடமும் எங்கள் சிஸ்டர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்: “பிள்ளை எங்கே படுக்கிறான்?” பிரியமானவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். வருகிற கிறிஸ்துமஸுக்கு வண்ணம் வாங்குமுன் உங்கள் பீரோவைச் சற்று நகர்த்திப் பாருங்கள். உங்கள் தெருவில் தனியாக வாழும் விதவையின் வீட்டு மாடியில் அடைத்த சருகை, மழைக்கு முன் ஒருவர் ஏறி அள்ளிப் போடுங்கள். அந்தப் பத்து நிமிட வேலை எங்கள் வார்டில் ஒரு கட்டிலைக் காலியாக வைக்கக்கூடும்.

கிராமங்களில் வீடு வீடாகச் செல்லும் எங்கள் ஊழியர்களுக்காகவும், இந்த மழைக்காலத்தில் மூச்சுக்குப் போராடும் சிறுவருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் வீடுகளையும் அவற்றில் வாசம் செய்கிறவர்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைக் குடும்பத்தினர்